மேளம் வேண்டும், மேளக்காரர் வேண்டாமா?

(சங்ககிரியில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமண விழாவில் ஆற்றிய வாழ்த்துரையின் எழுத்து வடிவம்)



சாப்பாடு தயார் என்று சமையல்கார அண்ணன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். சுயமரியாதைத் திருமணத்தில் மந்திரம் இருக்காது, ஆனால் மந்திரத்தைவிட நீளமாகப் பேச்சு இருக்கும் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வது வழக்கம். அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது. அதனால் இன்று ஒரே ஒரு விஷயத்தைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

காலையில் வாசலில் பறை அடித்து நம்மை வரவேற்ற தோழர்கள் இப்போது மூன்றாவது வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களில் பலருக்கு இது கண்ணில்கூடப் பட்டிருக்காது. எனக்குப் பட்டது. காரணம், என் அப்பா இந்தச் சுற்று வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் சாவுக்கும் தப்பட்டை அடித்தவர். முப்பது வருடத்தில் ஒரு கல்யாணத்திலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சின்ன வயதில் நானும் அவர் பின்னால் போவேன். என் வேலை நெருப்பு போடுவது. காய்ந்த ஓலையும் சருகும் கூட்டிப் பற்றவைக்க வேண்டும். தப்பட்டையை அந்தச் சூட்டில் காட்டிக் காட்டி, தோல் விறைத்து ‘ணங்’ என்று பேசுகிற வரைக்கும் காய்ச்சுவார்கள். இடது கையில் நீளமான சிண்டு குச்சி, வலது கையில் கட்டையான அடி குச்சி. அப்பா முதல் அடி போட்டதும் பந்தலுக்குள் இருக்கிற குழந்தைகள் எல்லாம் வெளியே ஓடி வந்துவிடும். பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். “ஏய், இன்னும் கொஞ்சம் வேகமா அடிடா” என்பார்கள். அப்படிச் சொல்கிறவருக்கு அப்பாவைவிட வயது குறைவாக இருக்கும். அப்பா “சரிங்க சாமி” என்பார்.

பந்தி எல்லாம் முடிந்த பிறகு, கொட்டகைக்குப் பின்பக்கம் போய், நாங்கள் கொண்டுபோன பாத்திரத்தில் சோறு வாங்கிக்கொள்வோம். ஊர்க் கூலி என்று வருடத்துக்கு ஒரு தடவை களத்தில் சோளம் போடுவார்கள். அளந்து போட மாட்டார்கள், அள்ளித்தான் போடுவார்கள். அதை அன்றைக்குக் கருணை என்று நினைத்தோம். அளந்து கொடுத்தால்தான் அது கூலி, அள்ளிப் போட்டால் பிச்சை என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயிற்று.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு இசை பிடிக்காமல் இல்லை. நன்றாகவே ரசித்தார்கள். ரசித்து ஆடினார்கள். ஒரு அடி பிசகினால் கண்டுபிடித்துச் சொல்கிற அளவுக்குக் காது இருந்தது. ஆனால் அந்த ரசனை பந்தியின் வாசல் வரைக்கும்தான் வந்தது. உள்ளே வரவில்லை. மேளம் வேண்டும், மேளக்காரர் வேண்டாம். இதுதான் நம் ஊர்க் கல்யாணம் நூற்றாண்டுகளாக நடந்த விதம்.

தோல் தீட்டு என்று ஒரு காரணம் சொல்வார்கள். சபாவில் வைத்து வாசிக்கிற மிருதங்கத்துக்கும் மாட்டுத் தோல்தான் போர்த்துகிறார்கள். அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, நாதம் வருமாறு கட்டிக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகம் எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கலாசேத்திரா முதலில் இடம் கொடுத்துவிட்டு, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. மிருதங்கம் மேடை ஏறலாம். அதைச் செய்தவரின் கதை மேடை ஏறினால் சிக்கல். ஆகத் தீட்டு தோலில் இல்லை. யார் கையில் அந்தத் தோல் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

மங்கல வாத்தியம் என்று சொல்கிற நாகசுரத்துக்கே இந்தக் கதி என்றால் பறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க காலத்தில், செட்டிநாட்டுப் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாகசுரம் வாசிக்கிறார். தோளில் துண்டு போட்டிருக்கிறார். துண்டை எடு என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். எடுக்காதீர்கள், வாசியுங்கள் என்று பக்கத்தில் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. இன்றைக்கு இதைக் கேட்டால் ஒரு துண்டுக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும். துண்டு தோளில் இருந்தால் அவர் கலைஞர். இடுப்புக்கு இறங்கினால் ஊழியக்காரர். சண்டை அதற்குத்தான். நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டியிருந்த நாகசுரத்தை மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளையும் அந்த மரியாதையைச் சண்டை போட்டுத்தான் வாங்கினார்.

நம் கொங்குப் பக்கத்துக்கே வருகிறேன். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் யார்? நாவிதர். கம்பர் எழுதிக் கொடுத்த பாட்டு என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வாழ்த்தைப் பாடுகிற நாவிதருக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர் ‘குடிமகன்’. அரசமைப்புச் சட்டத்தைத் தமிழில் படித்தால், குடிமகன் என்றால் நாட்டின் சம உரிமை உள்ள மனிதர். நம் ஊரில் குடிமகன் என்றால் ஊருக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர். ஒரே சொல்தான். முதல் பொருளிலிருந்து இரண்டாவது பொருள் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் நாம் இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது. அவர் வாயால் வாழ்த்துப் பெற்றால்தான் கல்யாணம் நிறைவாகும் என்று நம்புகிறவர்கள், அவர் மகனுக்குத் தங்கள் வீட்டில் பெண் கொடுப்பார்களா?

இந்தக் கேள்வியைத்தான் அண்ணல் அம்பேத்கர் 1916-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே எழுப்பினார். சாதி உயிரோடு இருப்பது அகமணத்தால்தான் என்று அந்தக் கட்டுரையில் நிறுவினார். இருபது வருடம் கழித்து ‘சாதி ஒழிப்பு’ எழுதும்போதும், கூடிச் சாப்பிடுவது மட்டும் போதாது, கலந்து மணப்பதுதான் மருந்து என்கிற இடத்துக்கு வந்து நின்றார். ஒன்றாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பது நல்லதுதான். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இன்னும் நல்லது. ஆனால் சாதி அசைவது சம்பந்தி ஆகும்போதுதான்.

அது அசைகிற இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்தில் திருச்செங்கோடு. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் பாதிப் பாதி என்று மலை மேல் அர்த்தநாரீசுவரரை வைத்துக் கும்பிடுகிற ஊர். 2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற தலித் பொறியியல் பட்டதாரி, வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு அந்தக் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. சாதி அமைப்பு ஒன்றின் தலைவர் உட்பட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தலைவரின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மகனை இழந்த ஒரு தாய் ஏழெட்டு வருடம் விடாமல் நின்றதால் கிடைத்த தீர்ப்பு அது. கல்யாணம்கூட அல்ல, ஒரு பேச்சு. அதற்கே கொலை.

இப்போது என் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை நான் மேடையில் சொன்னதில்லை.

எனக்கு 2003-இல் கல்யாணம். சேலத்தில் ஒரு தோழரின் வீட்டு மாடியில் நடந்தது. என் துணைவியார் வேறு சாதி. அவர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. என் வீட்டிலிருந்து அம்மா, அப்பா, தங்கை. முதல் நாள் சாயங்காலம் அப்பா மெதுவாகப் பக்கத்தில் வந்து, “ஏங் கண்ணு, நான் ஒரு சுத்து அடிக்கட்டுமா?” என்று கேட்டார். தப்பட்டையைத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

“வேண்டாம்ப்பா” என்று சொல்லிவிட்டேன்.

அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் வம்பு என்று காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டபோதெல்லாம் ‘விவசாயக் கூலி’ என்று சொல்லி வளர்ந்தவன் நான். மேடை ஏறிச் சாதி ஒழிப்பைப் பேசக் கற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பையன் உள்ளேயே இருந்தான். மறுநாள் டேப் ரெக்கார்டரில் சினிமாப் பாட்டுப் போட்டோம். ஊர்க் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அடித்த கை, சொந்த மகன் கல்யாணத்தில் மடியில் சும்மா கிடந்தது. அப்பா கோபப்படவில்லை. முகம் சுளிக்கவில்லை. தப்பட்டையைப் பிரிக்காமலேயே திரும்பக் கொண்டுபோனார்.

சில மாதம் கழித்துத்தான் என் துணைவியாரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “எங்க சின்னம்மா கல்யாணத்துல தப்பட்டைச் சத்தம் கேட்டு வெளியில ஓடிப் போயி ஆடினேன். அவங்க கிட்டப் போனேன்னு பாட்டி முதுகுல நாலு வச்சாங்க. அன்னிக்கு அடிச்சது மாமாவா இருந்திருக்கலாம். வேற யாராவது இருந்திருக்கலாம். அது என்னிக்கும் தெரியப் போறதில்லை. ஆனா நம்ம கல்யாணத்துல மாமாதான் அடிக்கிறார்னு தெரிஞ்சு கேட்டிருப்பேன். அதை நீங்க கெடுத்துட்டீங்க” என்றார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் இயக்கத்துக்குள் பறையைப் பற்றி இரண்டு கருத்து இருக்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒன்று, பறை அடிப்பது சாதி நம் தலையில் கட்டிய வேலை, அதைத் தூக்கி எறி என்பது. செத்த மாட்டைத் தூக்குவதை, பரம்பரை ஊர் ஊழியத்தை விடுங்கள் என்று மகர் மக்களிடம் அம்பேத்கர் சொன்னதன் தொடர்ச்சி அது. ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையை இறக்கி வைத்ததற்காக அடி வாங்கிய சேரிகள் தமிழ்நாட்டில் உண்டு. அவர்கள் செய்தது மானமுள்ள செயல். கலையைக் காப்பாற்றுங்கள் என்று அவர்களிடம் போய்ப் பாடம் எடுக்கிற தகுதி யாருக்கும் கிடையாது.

இன்னொன்று, பறையை விடுதலையின் கருவியாக எடுத்து அடி என்பது. திண்டுக்கல் சக்திக் கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி, பெண் அடிக்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்து உடைத்தார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில் தன் கணவர் சங்கரை வெட்டிக் கொன்றதைக் கண்ணெதிரே பார்த்து, தானும் வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா, பிறகு பறை கற்றுக்கொண்டார். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அப்படியானால் எது சரி? என் அப்பாவிடமிருந்து நான் கற்றது இது. ‘நீ அடித்தே ஆக வேண்டும்’ என்று ஊர் சொல்வது அடிமைத்தனம். ‘நான் அடிக்கட்டுமா’ என்று ஒரு மனிதர் தானாகக் கேட்பது கலை. வாழ்நாளில் அவர் தானாகக் கேட்ட அந்த ஒரு தடவையில், வேண்டாம் என்று சொன்னது ஊர் இல்லை. முற்போக்கு பேசிய மகன்.

சரி, கல்யாணம் ஒரு நாள். அதற்குப் பிறகு வருகிற தினசரி வாழ்க்கை நீளமானது. மணமக்களிடம் அதைப் பற்றி இரண்டு வார்த்தை.

நம் வீடுகளில் இசையை ரசிப்பது பெரும்பாலும் ஆண்களின் ஓய்வு நேரம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு இளையராஜா பாட்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்காருவோம். அந்த நேரத்தில் அடுப்படியில் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பாட்டுக் கேட்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் பாடிய எத்தனை பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பாடுகிறார்கள் என்று உங்கள் அம்மாவிடம், சித்தியிடம் கேட்டுப் பாருங்கள். களை எடுக்கும்போது பாடினார்கள், தொட்டில் ஆட்டும்போது பாடினார்கள், சாவில் ஒப்பாரி வைத்தார்கள். வேலையோடு சேர்ந்த பாட்டு மட்டும்தான் அவர்களுக்கு. சும்மா பாடுவதற்கு நேரம் இருந்ததில்லை.

என் துணைவியார் பள்ளியில் பாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். எங்கள் வீட்டில் அவர் பாடி நான் கேட்டது முதல் பத்து வருடத்தில் விரல் விட்டு எண்ணலாம். ஏன் பாடுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். “காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு ராத்திரி பத்து வரைக்கும் இதுல எங்க பாடறது, நீங்களே ஒரு நேரம் சொல்லுங்க” என்றார். சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ராத்திரிப் பாத்திரம் என் வேலை ஆயிற்று. சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்டதாலேயே நாம் சமத்துவவாதி ஆகிவிட மாட்டோம். அதைத் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே வந்திருக்கிற இளைய தோழர்களில் சிலர் நாளைக்கு இப்படி ஒரு முடிவு எடுக்கலாம். உங்களுக்குச் சில சட்ட விவரங்கள். 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தந்தை பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தியபோது அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு முன் நடந்த திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. புரோகிதர் வேண்டாம். இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், விரும்பினால் தாலி. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்தினால்தான் செல்லும் என்பதும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதம் வேறு என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேளுங்கள். மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்பது 2018 சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு. அது போதவில்லை என்பதற்கு 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட கவின் சாட்சி. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் விடக் கூடாது.

சட்டம் எழுதாத சில விதிகளை நாமே எழுதிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பறைக் குழுவை அழைத்தால், பேண்டு செட்டுக்குப் பேசுகிற மாதிரியே முன்பணம் கொடுத்துப் பேசுங்கள். பேரம் பேசாதீர்கள். குழுவின் பெயரை மேடையில் சொல்லுங்கள். “அடிடா” என்று ஒருவர் சொன்னால், அவர் தாய்மாமனாக இருந்தாலும் அங்கேயே தடுத்துப் பேசுங்கள். முதல் பந்தியில் அவர்களோடு உட்காருங்கள். வர முடியாது என்று ஒரு குழு சொன்னால் ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும் பறை கற்கட்டும். எல்லார் வீட்டுப் பிள்ளையும் அடிக்கும்போதுதான் அது சாதியின் வேலையாக இல்லாமல் போகும்.

என் மகள் ஒரு கோடை முகாமில் பறை கற்றுக்கொண்டு வந்தாள். ஊருக்குப் போனபோது தாத்தாவுக்கு அடித்துக் காட்டினாள். அப்பாவுக்கு அப்போது கை நடுக்கம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அடி குச்சிய இறுக்கிப் புடிக்காத கண்ணு, அது தானாத் துள்ளணும்” என்று அவள் விரலைத் தளர்த்திவிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இதை அடிச்சா பள்ளிக்கூடத்துல புள்ளைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“சொல்ல மாட்டாங்கப்பா” என்றேன்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அப்பா இப்போது இல்லை. அவரிடம் நான் சொன்ன அந்தப் பதிலை உண்மையாக்குகிற பொறுப்பு எனக்கு இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது.

மணமக்களே, நீங்கள் இருவரும் நல்லபடி வாழுங்கள். வீட்டில் பாட்டு இருக்கட்டும், இருவருக்கும் பாட நேரம் இருக்கட்டும். தோழர்களே, மூன்றாவது வரிசையில் இருக்கிற கலைஞர்களை முன்னால் அழைத்துக்கொண்டு வாருங்கள். பந்திக்குப் போகலாம்.

ஜெய்பீம்.